நன்மை வாங்காதவள்

நன்மை வாங்கும் நேரம் வந்ததும் எங்கள் கோயிலில் பெஞ்சுகள் முன்னாலிருந்து ஒவ்வொன்றாகக் காலியாகும். ஆண்கள் பக்கம் ஒரு வரிசை, பெண்கள் பக்கம் ஒரு வரிசை. கைகளைக் குவித்துக்கொண்டு, பாடிக்கொண்டு, மெதுவாக நகர்வார்கள். பெண்கள் பக்கத்தின் கடைசி பெஞ்சில், ஓரத்து இடத்தில், என் அம்மா உட்கார்ந்திருப்பாள். அந்த பெஞ்சுக்காரர்களின் முறை வரும்போது அவள் எழுந்திருக்க மாட்டாள். முட்டிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிடுவாள். போகிறவர்களில் சிலர் அவளைப் பார்ப்பார்கள், சிலர் பார்க்காததுபோலப் போவார்கள். எது மோசம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

எனக்கு ஒன்பது வயதில் புதுநன்மை. அம்மாவே தைத்த வெள்ளை கவுன், தலையில் காகிதப்பூக் கிரீடம், கையில் மெழுகுவர்த்தி. அன்றைக்கும் அவள் கடைசி பெஞ்சில்தான் இருந்தாள். "ஏம்மா நீ வரல?" என்று கேட்டேன். "கால் வலிக்கிட்டி, நீ போயிட்டு வா" என்றாள். நான் நம்பினேன். பன்னிரண்டு வயது வரை அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் கால் வலிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா இந்து. 1975இல் இருவரும் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். கோயிலில் வைத்து மந்திரிக்கப்படாத கல்யாணம் திருச்சபையின் கணக்கில் கல்யாணமே இல்லை. அதனால் அவள் பாவ நிலையில் வாழ்கிறவள். திருப்பலி பார்க்கலாம், காணிக்கை போடலாம், கோயிலைக் கூட்டலாம், மாதா கெபிக்குப் பூக்கட்டிக் கொடுக்கலாம். அப்பம் கிடைக்காது. அப்பா எல்லா ஞாயிறும் எங்களைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பூசை முடிகிறவரை வேப்பமரத்தடியில் தினத்தந்தி வாசித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு இந்த விஷயம் தெரிந்தபோது நான் கல்லூரிக்குப் போய்விட்டிருந்தேன். அம்மா அவரிடமும் கால் வலி என்றுதான் சொல்லியிருந்தாள்.

இந்தக் கட்டுரைக்கு இறையியல் படித்த யாராவதுதான் பொருத்தம். நான் தமிழ் படித்தவள். என்னிடம் இருப்பது சொற்களை மெதுவாக வாசிக்கும் பழக்கம் மட்டும். ஆனால் அம்மாவுக்கு மறுக்கப்பட்டது ஒரு சொல்லாகவும் இருந்தது என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

தமிழ்க் கத்தோலிக்கர் இந்த அருளடையாளத்தை 'நற்கருணை' என்பார்கள். பேச்சில் 'நன்மை'. "நன்மை வாங்கியாச்சா?" என்று கேட்பது எங்கள் தெருவில் "சாப்பிட்டாச்சா?" என்பதுபோல. சீர்திருத்தச் சபைகளில் பழைய பெயர் 'இராப்போஜனம்'. அதைப் பெரும்பாலும் காலையில்தான் தருகிறார்கள் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இப்போது 'திருவிருந்து' என்ற சொல்லும் பரவலாக இருக்கிறது. மூலச்சொல்லான 'யூகாரிஸ்தியா' கிரேக்கத்தில் நன்றி செலுத்துதலைக் குறிக்கிறது. அதைப் பிரித்தால் முன்பாதி 'நல்', பின்பாதியின் வேர் 'அருள்'. 'நற்கருணை' என்ற தமிழ் ஆக்கம் அப்படிப் பிரித்து உறுப்புக்கு உறுப்பு வைத்ததுபோலவே இருக்கிறது. அழகான சொல். ஆனால் திசை மாறிவிட்டது. நன்றி என்பது பெற்றுக்கொண்டவர் வாயிலிருந்து வருவது. கருணை என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் காட்டுவது. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் சேர்ந்து சொன்ன நன்றி, தமிழுக்கு வரும்போது ஒருவர் தர மற்றவர் வாங்கும் ஒன்றாகிவிட்டது. தருகிறவர் இருந்தால் தரமாட்டேன் என்று சொல்லவும் அவரால் முடியும். நன்மை என்பது எங்கள் மொழியில் செய்கிற ஒன்று. கோயிலில் மட்டும்தான் அது வாங்குகிற ஒன்று.

இன்னொரு சொல் 'கொய்னோனியா'. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது அப்பத்தையும் கிண்ணத்தையும் பற்றி இந்தச் சொல்லைத்தான் கையாள்கிறார். பழைய மொழிபெயர்ப்பு இதை 'ஐக்கியம்' என்றது. பின்னால் வந்தவை பங்கு என்ற சொல்லின் பக்கம் போயின. எனக்குப் பங்குதான் பிடிக்கும். ஐக்கியத்தில் எல்லாம் கரைந்துவிடுகிறது, யார் என்ன பெற்றார்கள் என்று கேட்க முடியாது. பங்கு என்றால் கேட்கலாம். கத்தோலிக்கத் தமிழில் ஊர்ச்சபைக்கே 'பங்கு' என்றுதான் பெயர். வயலில் பங்கு, வீட்டில் பங்கு, கறிக்கடையில் பங்கு என்று புழங்கும் சொல் அது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறவரை, திருவிதாங்கூர் கிறிஸ்தவ மகளுக்குத் தகப்பன் சொத்தில் கிடைத்த பங்கு மகனுடையதில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அந்த 1916ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பிலிருந்த அத்தனை காலமும் கோயில்களில் அப்பம் எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டப்பட்டுத்தான் வந்தது.

கொரிந்தியருக்கான முதல் கடிதத்தின் பதினொன்றாம் அதிகாரத்தை முழுதாக, ஒரே அமர்வில் வாசிக்கும்படி என் மாணவிகளிடம் சொல்வதுண்டு. கோயிலில் அதை முழுதாக வாசிக்கக் கேட்டதில்லை. முதல் பாதியில் பவுல் பெண்கள் தலையை மூடிக்கொண்டுதான் ஜெபிக்க வேண்டும் என்று வாதாடுகிறார். பிற்பாதியில் ஆண்டவரின் விருந்தைப் பற்றிப் பேசுகிறார். கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தாங்கள் கொண்டுவந்ததைத் தின்று, குடித்து வெறித்துப்போகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். இப்படிச் சாப்பிடுவது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்கிறார். அதைத் தொடர்ந்துதான் அந்தக் கடைசி இரவின் அப்பமும் கிண்ணமும் வருகின்றன. தகுதியில்லாமல் உண்கிறவன் தனக்கே தீர்ப்பை உண்கிறான் என்ற எச்சரிக்கையும் இங்கேதான் வருகிறது.

அம்மாவைப் போன்றவர்களை நிறுத்திவைக்க எடுத்துக்காட்டப்படுவது இந்த எச்சரிக்கை. ஆனால் அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது? முந்திக்கொண்டு வயிறு நிறையத் தின்றவர்களை நோக்கி. பின்னால் நின்ற பசித்தவர்களை நோக்கிச் சொல்லப்படவே இல்லை. அந்த அதிகாரத்தில் தகுதியின்மை என்பதன் பொருள், பக்கத்தில் பசியோடு ஒருத்தர் இருக்கும்போது கூச்சமில்லாமல் உண்பது. அந்தக் கணக்கில் பார்த்தால் அம்மாவின் முட்டியைத் தாண்டிப் போன அத்தனை பேரும், ஒன்பது வயதில் கிரீடம் வைத்துப்போன நானும் உட்பட, யோசித்திருக்க வேண்டியவர்கள். சபைகள் இந்த அதிகாரத்தின் முதல் பாதியை எடுத்து முக்காடு ஆக்கின. இரண்டாம் பாதியைப் படுக்கையறைக்குத் திருப்பின. வயிற்றைப் பற்றிய ஒரு கோபம் எப்படிப் பாலியல் ஒழுக்கமாக மாறியது என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றின் மையமான கேள்வி.

கடைசி இராவுணவில் பெண்கள் இருந்தார்களா என்ற கேள்விக்கு நம் வீடுகளில் பதில் சுவரிலேயே தொங்கும். டா வின்சியின் ஓவியத்தின் ஏதோ ஒரு நகல், சாப்பாட்டு மேசைக்கு மேலே. பதின்மூன்று ஆண்கள். அந்தப் படத்துக்குக் கீழே நின்று பரிமாறுகிறவள் அந்த வீட்டுப் பெண். மாற்கு எழுதிய நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது இராவுணவோடு தொடங்கவில்லை. பெத்தானியாவில் ஒரு வீட்டில் இயேசு பந்தியில் இருக்கும்போது பெயர் சொல்லப்படாத ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலச் சிமிழை உடைத்து அவர் தலையில் ஊற்றுகிறாள். சுற்றியிருந்தவர்கள் வீண்செலவு என்று அவள்மேல் எரிந்து விழுகிறார்கள். அவர் அவள் பக்கம் நிற்கிறார். நற்செய்தி எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் அவள் செய்ததும் அவள் நினைவாகச் சொல்லப்படும் என்கிறார். அதற்குப் பிறகுதான் அப்பமும் கிண்ணமும்.

கவனிக்க வேண்டியது இதுதான். தம் நினைவாக இதைச் செய்யும்படி இயேசு சொல்வது லூக்காவிலும் பவுலின் கடிதத்திலும் இருக்கிறது. மாற்குவின் இராவுணவில் அந்தக் கட்டளை இல்லை. மாற்குவின் அந்த அதிகாரத்தில் 'நினைவாக' என்று வருவது ஒரே இடத்தில், அந்தப் பெண்ணைப் பற்றி. எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா 1983இல் வெளியிட்ட தன் நூலுக்கு 'அவள் நினைவாக' என்று பொருள்படும் தலைப்பை இங்கிருந்துதான் எடுத்தார். நினைவுகூரப்பட வேண்டும் என்று சொல்லப்பட்டவளின் பெயரையே மாற்கு எழுதிவைக்கவில்லை என்பது அந்த நூலைப் படித்த பிறகு எனக்குள் ஆறாத ஒன்று. காட்டிக்கொடுத்தவன் பெயர் இருக்கிறது.

யோவானிடம் போனால் இராவுணவில் அப்பம் பகிர்ந்து கட்டளையிடும் காட்சியே கிடையாது. அந்த இடத்தில் இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். முந்தைய அதிகாரத்தில் மரியா அவர் பாதங்களில் தைலம் பூசித் தன் கூந்தலால் துடைத்திருக்கிறாள். சில நாட்களுக்கு முன் ஒரு பெண் தனக்குச் செய்ததை அவர் இப்போது ஆண்களுக்குச் செய்துகாட்டுகிறார். அவளிடமிருந்து கற்றுக்கொண்டார் என்று சொல்ல எனக்கு ஆசை. நற்செய்தியாளர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

நான் வயதுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறு, பாட்டி என்னை ஓரமாக அழைத்து "தலைக்குக் குளிக்காம நன்மை வாங்கப் போவாத" என்றாள். எந்தச் சாமியாரும் அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் பாட்டி சொன்னது அவள் சொந்தச் சரக்கும் இல்லை, வெறும் இந்துப் பழக்கத்தின் மிச்சமும் இல்லை. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த தியோனிசியு, மாதவிடாய் நாட்களில் பக்தியுள்ள பெண்கள் திருமேசையை அணுகத் துணிய மாட்டார்கள் என்று எழுதினார். பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் வருந்திய அந்தப் பெண்கூட இயேசுவைத் தொடவில்லை, ஆடையின் விளிம்பை மட்டும்தானே தொட்டாள் என்பது அவர் வாதம். ஏறக்குறைய முன்னூறு வருடம் கழித்துப் பெரிய கிரகோரியின் பெயரில் வழங்கும் ஒரு பதிலில் அதே பெண் வருகிறாள். இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே அவள் ஆண்டவரின் ஆடையைத் தொட்டது சரியென்றால், மாதவிடாயில் இருக்கிறவள் கோயிலுக்குள் வருவதையும் நற்கருணை பெறுவதையும் எப்படித் தடுப்பது என்று அந்தப் பதில் கேட்கிறது. அதே பெண், அதே விளிம்பு, நேரெதிரான இரண்டு தீர்ப்பு. (அந்தப் பதிலும், பயபக்தியால் ஒருத்தி தானே விலகியிருந்தால் அது பாராட்டத் தக்கது என்று ஒரு வாலை ஒட்டிவைக்கத் தவறவில்லை.) இவற்றுக்கிடையில் 3ஆம் நூற்றாண்டின் சிரியாப் பகுதியில் எழுந்த 'திதஸ்காலியா' என்ற சபை ஒழுங்கு நூல், இந்த நாட்களில் தாமாகவே ஜெபத்திலிருந்தும் நற்கருணையிலிருந்தும் ஒதுங்கிக்கொண்ட பெண்களைக் கண்டிக்கிறது. அதாவது, ஒதுங்கும்படி சொல்லப்படாத இடத்திலும் பெண்கள் ஒதுங்கினார்கள். பாட்டியின் குரல் அவ்வளவு பழையது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புலம்பலாகிவிடும். நற்கருணை பக்தி என்று நாம் இன்று அறிந்திருப்பதைக் கட்டியெழுப்பியவர்களில் பெரும்பங்கு பெண்கள். ஆண்டவரின் திருஉடல் பெருவிழா 1264இல் போப் நான்காம் உர்பானால் எல்லாச் சபைக்கும் ஆனது. அதைத் தொடங்கிவைத்தது லியேஜ் நகரத்துக் கன்னி யூலியானா கண்ட ஒரு காட்சி: முழுநிலா, அதில் ஒரு கறை. திருச்சபையின் ஆண்டில் ஒரு விழா குறைகிறது என்று அதற்குப் பொருள் கண்டாள். அவளை மடத்திலிருந்து விரட்டினார்கள். விழா உலகுக்கு அறிவிக்கப்படும் முன்பே, 1258இல், அவள் வெளியூரில் இறந்துபோனாள். இன்று அந்த விழாவில் பாடப்படுபவை தோமா அக்குவினாஸ் பெயரில் வழங்குபவை.

கரோலின் வாக்கர் பைனம் 1987இல் எழுதிய ஆய்வு, இடைக்காலப் பெண் துறவியரின் உபவாசத்தையும் நற்கருணைத் தாகத்தையும் ஒன்றாக வைத்து ஆராய்கிறது. சொத்தும் பட்டமும் பீடமும் இல்லாத பெண்களிடம் விட்டுக்கொடுக்கவும் பற்றிக்கொள்ளவும் இருந்தது உணவு. சியென்னா கத்தரீனாள் இறுதி நாட்களில் நற்கருணை தவிர மற்ற உணவை ஏறத்தாழ விட்டு, 1380இல் 33 வயதில் இறந்தாள். பைனம் அதில் பெண்களின் ஆற்றலையும் பார்க்கிறார். நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஒருசந்தி, மாதாவுக்கு ஒருசந்தி என்று ஒட்டி உலர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டினியை ஆற்றல் என்று சொல்வதற்கு முன் அந்த வீட்டில் சோறு யாருக்கு முதலில் போடப்பட்டது என்று கேட்க வேண்டும்.

ஆனால் நார்விச் யூலியானாவை நான் விடமாட்டேன். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், கோயிலை ஒட்டிய ஒரு அறையில் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்த அந்த ஆங்கிலப் பெண், கிறிஸ்துவைத் தாய் என்று எழுதினாள். மற்றத் தாய்மார் பாலூட்டுகிறார்கள், இந்தத் தாய் தன்னையே ஊட்டுகிறார் என்பது அவள் கண்ட நற்கருணை. தன் உடலிலிருந்து இன்னொரு உயிருக்கு உணவு தருவது எந்த உடலுக்குப் பழக்கம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு 1976இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் சிரிப்பும் வருகிறது. பீடத்தில் குரு கிறிஸ்துவின் அடையாளமாக நிற்பதால் அவருக்கும் கிறிஸ்துவுக்கும் இயல்பான ஒப்புமை வேண்டும், ஆகவே அவர் ஆணாக இருக்க வேண்டும் என்பது அதன் வாதங்களில் ஒன்று. 1994இல் இரண்டாம் யோவான் பவுல் பெண்களுக்குக் குருத்துவம் தரத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று கதவை மூடினார். அதே வருடம்தான் சிறுமிகள் பீடத்தில் பூசை உதவி செய்யலாம் என்ற அனுமதியும் வந்தது. ஓஸ்தி சுடுவது பல இடங்களில் கன்னியர் மடத்துச் சகோதரிகள். மாவு பிசைந்து, அச்சில் ஊற்றி, வட்டமாக வெட்டி, எண்ணி, டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறார்கள். அதுவரை அது அவர்கள் கையில்.

கிண்ணத்துக்கு நம் மண்ணில் வேறொரு சோதனை இருந்தது. எச்சில். ஒரே கிண்ணத்தில் எல்லாரும் வாய் வைப்பது ஐரோப்பாவில் சடங்கு; இங்கே அது சாதியின் அடிவயிற்றில் கைவைப்பது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இனி கூடாது, நற்கருணையிலும் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் திருச்சிராப்பள்ளியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். அதற்குச் சில வருடம் முன்பே, புதிதாக வந்த மிஷனரிகள் சாதியைத் திருத்தக் கிளம்பியதை எதிர்த்துத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எழுதினார். அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யை நான் வகுப்பில் ரசித்துத்தான் நடத்துகிறேன். அவ்வளவு பெரிய கவிஞர் இந்த இடத்தில் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்துத்தான் நடத்துகிறேன். வடக்கன்குளத்தில் கோயிலையே இரண்டு கையாகக் கட்டினார்கள், ஒரு கையில் வெள்ளாளர், மறு கையில் நாடார். இரண்டும் கூடுமிடத்தில் ஒரே பீடம். நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே அப்பம், இரண்டு வாசல். பந்தி என்ற சொல்லைத் தமிழில் சாதி இல்லாமல் உச்சரிக்க முடிந்ததில்லை.

இதே நாட்டில்தான் கணவன் சாப்பிட்ட எச்சில் இலையில் மனைவி சாப்பிடுவது பத்தினித்தனம் என்று வழங்கியது. மேலேயிருந்து கீழே வரும் எச்சில் பிரசாதம். பக்கவாட்டில் போகும் எச்சில் தீட்டு. பொதுக்கிண்ணம் இந்தக் கணக்கை உடைத்திருக்க முடியும். கத்தோலிக்கத்தில் அந்த வாய்ப்பே நெடுங்காலம் இல்லை. 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் பொதுநிலையினருக்குக் கிண்ணம் இல்லை என்று முடிவு செய்துவிட்டது. 'கருக்கு' 1992இல் வந்தபோது, மடத்துக்குப் போய் ஏழு வருடம் கழித்து வெளியேறிய ஒரு தலித் கத்தோலிக்கப் பெண், இந்தப் பந்தியைப் பின்வாசலிலிருந்து பார்த்து எழுதினார். பாமாவின் அந்த நூலுக்குப் பிறகு தமிழில் நற்கருணையைப் பற்றி மணம் வீசும் சொற்களால் மட்டும் எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபையில் நிலைமை வேறு. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான அந்தச் சபையில் 1976இல் எலிசபெத் பால் முதல் பெண் குருவாக அருட்பொழிவு பெற்றார். 2013இல் எக்கோனி புஷ்பலலிதா நந்தியால் பேராயர் ஆனார். என்னோடு படித்த தோழி ஒருத்தி அங்கே ஆயராக இருக்கிறாள். அவள் அப்பத் தட்டோடு ஒரு பக்கம் நிற்க, மூத்த ஆண் ஆயர் இன்னொரு பக்கம் நின்றால், சில பெரியவர்கள் வரிசை மாறி அந்தப் பக்கம் போவார்களாம். "பொம்பளைங்களும்தான்டி மாறுவாங்க" என்றாள். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், நான்தான் சிரிக்கவில்லை.

எனக்கு இங்கே மணிமேகலை நினைவுக்கு வராமல் இராது. அமுதசுரபி ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது. யானைத்தீ என்னும் தீராப் பசி கொண்ட காயசண்டிகை அந்த உணவால் பசி ஆறுகிறாள். வருகிறவரின் குலமோ மணநிலையோ அந்தப் பாத்திரத்துக்குத் தேவையில்லை. சிறைக்கூடம் அறக்கூடமாகிறது. கிறிஸ்தவம் தொடங்கிய இடத்தில் கனவு கண்டதை ஒரு தமிழ்ப் பௌத்தக் காப்பியம் எழுதிக் காட்டியிருக்கிறது என்று பல வருடம் வகுப்பில் பெருமையாகச் சொல்லிவந்தேன். ஒரு நாள் ஒரு மாணவி எழுந்து, "ஆனா மேடம், அந்தப் பாத்திரத்துல முதல்ல பிச்சை போட பத்தினிதானே வேணும்?" என்றாள். ஆமாம். ஆதிரை வேண்டும். கற்பு நிரூபிக்கப்பட்டவள் முதல் பிடி இட்டால்தான் அமுதசுரபி சுரக்கத் தொடங்கும். நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பெருமையையும் அதன் பிறகு சொல்லவில்லை.

2006இல் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் பங்குச்சாமியார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், துக்கம் விசாரித்தார், காப்பி குடித்தார், போகும்போது, "அம்மா, இனி நீங்க நன்மை வாங்கலாம்" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். 31 வருடம் மறுக்கப்பட்டது, ஒருவர் செத்ததால் கிடைக்கிறது. சட்டப்படி தடை நீங்கிவிட்டது. சேர்ந்து வாழ்ந்த மனிதர் இல்லை, எனவே பாவமும் இல்லை. அப்பாவின் படத்துக்கு நான் போட்ட மாலை அப்போதும் வாடவில்லை.

நான் கத்தியிருப்பேன். அம்மா தலையாட்டினாள். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள், ஞாயிறு வரிசையில் நின்றாள், வாங்கினாள், திரும்பி வந்து கடைசி பெஞ்சில் அதே ஓரத்தில் முழந்தாளிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "என்ன சொன்ன உள்ள?" எங்கள் வீட்டில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்: "கோவப்பட்டது, பொய் சொன்னது, ஞாயித்துக்கிழம பூசைக்குப் போவாம இருந்தது எல்லாம் சொன்னேன். அவரச் சொல்லல."

அவள் செய்தது முறைப்படி செல்லாது என்பது அவளுக்குத் தெரியும். பாவம் என்று சபை சொன்னதைப் பாவம் என்று ஒப்புக்கொண்டு மனஸ்தாபப்படாமல் பெற்ற மன்னிப்பு அரைகுறை. அதை வைத்துக்கொண்டு நன்மை வாங்கியது இன்னொரு குற்றம். அந்தச் சின்ன வயதில் எங்களுக்கு மறைக்கல்வியில் இதைத்தான் மனப்பாடமாக ஒப்பிக்க வைத்தார்கள். ஆனால் நான் படித்த எந்த இறையியல் நூலிலும் பங்கு என்ற சொல்லுக்கு இவ்வளவு துல்லியமான வாசிப்பைப் பார்த்ததில்லை. அப்பாவை வெளியே தள்ளிவிட்டு அந்தப் பந்தியில் உட்கார அவள் சம்மதிக்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்றவரையும் கூட்டிக்கொண்டுதான் வரிசையில் போனாள்.

போப் பிரான்சிசு 2013இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், நற்கருணை நிறைவானவர்களுக்கான பரிசு அல்ல என்ற பொருளில் எழுதினார். 2016இல் வெளியான மற்றொன்றில், மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தவர்கள் முதலானோருக்குச் சில சூழல்களில் அருளடையாளங்களின் துணை கிடைக்கலாம் என்று வந்தது. அது இருப்பது 351ஆம் அடிக்குறிப்பில். அந்த அடிக்குறிப்பை எதிர்த்துக் கர்தினால்களே கேள்வி எழுப்பினார்கள். பெண்களின் வாழ்க்கை அடிக்குறிப்பில் வருவது எங்களுக்குப் புதிதல்ல; முனைவர் பட்ட ஆய்வில் நான் தேடியலைந்த பெண் கவிகள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள்.

இந்தக் கட்டுரைக்காகத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பைப் புரட்டியபோது, 1161ஆம் விதியிலிருந்து ஐந்து விதிகளில் வேறொன்று கண்ணில் பட்டது. செல்லாத ஒரு திருமணத்தை, தம்பதியரின் இசைவு நீடிக்கிறவரை, மறுபடி வார்த்தைப்பாடு வாங்காமலேயே, வேரிலிருந்து செல்லுபடியாக்க அதிகாரம் உண்டு. வேற்று மதத்தவரை மணந்திருந்தாலும், பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது போன்ற சில நிபந்தனைகள் நிறைவேறினால், மறைமாவட்ட ஆயரே செய்துவைக்கலாம். அப்பா கோயிலுக்குள் வந்து பீடத்தின் முன் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு அதில் மட்டும்தான் தயக்கம் இருந்தது. ஒரு முறை முடித்த கல்யாணத்தை இன்னொரு முறை எதற்கு முடிக்க என்பார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் அவர் ஒரு வார்த்தை மறுப்புச் சொன்னதில்லை. ஒரு விண்ணப்பம், ஆயரின் ஒரு கையெழுத்து. 31 வருடத்தில் எங்கள் பங்குக்கு வந்துபோன சாமியார்களில் ஒருவரும் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்காகப் புத்தகத்தைப் புரட்ட யாருக்கும் தோன்றாமலும் இருந்திருக்கலாம்.

அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போது நிஜமாகவே கால் வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போகிறேன். நான் எழுதி அச்சில் வருவதையெல்லாம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசிப்பாள். இந்த 1161ஐ அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. புத்தகம் வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.